நியூட்ரல் இல்லாத ஜிக்பீ சுவிட்ச் அடிக்கடி துண்டிக்கப்படுகிறது

மதுரையில் எங்கள் வீட்டு மாடிப்படி விளக்கு அணைத்த பிறகும் மங்கலாக மினுக்குகிறது. சில மணி நேரத்தில் அதன் சுவிட்ச், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளிலிருந்து துண்டிக்கப்பட்டுவிடுகிறது. வயதான என் தாயார் இரவில் இருட்டிலேயே படியிறங்க நேர்வது எனக்குப் பெரும் கவலையாக உள்ளது.

சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் கம்பி (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) இல்லாததால், அது தேவைப்படாத, ஜிக்பீ எனும் கம்பியில்லா முறையில் இணையும் சுவிட்சைப் பொருத்தினோம். ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில், ஜிக்பீ சாதனங்களை இணைக்கும் ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருள் இயங்குகிறது. 9 வாட் எல்இடி பல்பு இருந்தவரை சிக்கல் இல்லை. சென்ற மாதம் மாற்றிய புதிய விளக்குக் கூட்டில் 3 வாட் பல்பு மட்டுமே பொருந்தும். அதிலிருந்துதான் இந்தத் தொல்லை.

யூஎஸ்பி 3.0 இணைப்பின் இரைச்சல் ஜிக்பீ பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பாதிக்கும் என்பதால், கணினியில் செருகிய ஜிக்பீ டாங்கிளை நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்து, ஜிக்பீ சேனலை 11-இலிருந்து 25-க்கு மாற்றி, அணைத்தபோதும் சுவிட்சுக்காகப் பல்பு வழியே செல்லும் சிறு மின்னோட்டத்துக்கு மாற்றுவழி தரும் பைபாஸ் கபாசிட்டரையும் விளக்குக்கு இணையாக எலக்ட்ரீசியனைக் கொண்டு பொருத்திவிட்டேன். மினுக்கம் குறைந்ததே தவிர, துண்டிப்பு நிற்கவில்லை.

சுவரை உடைத்து நியூட்ரல் இழுக்காமல், இதே 3 வாட் பல்புடன் சுவிட்சை நிலையாக இயங்க வைக்க வழி உண்டா?