ஏபி சைக்காலஜி சுலபமான பாடமா?

கேள்வி: மகள் இங்கே அமெரிக்காவில் பதினொன்றாவது போகிறாள், ஏபி சைக்காலஜி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தர உளவியல் பாடம்) எடுக்கிறேன் என்கிறாள். கதை மாதிரி படித்துவிட்டுப் போகலாமா?

பதில் 1: கதையா! என் பையனும் அப்படித்தான் நினைத்தான். முதல் மாதமே நியூரான் (நரம்புச் செல்), டோபமைன் (மூளையில் சுரக்கும் வேதிப்பொருள்), மூளையின் பாகங்கள் என்று பயாலஜி வந்து நின்றது. கலைச்சொற்கள் எக்கச்சக்கம், அட்டையில் எழுதிச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தான்.

பதில் 2: மனப்பாடம் மட்டும் போதாதுங்க. 2025-லிருந்து தேர்வே மாறிவிட்டது. 90 நிமிடத்தில் 75 கொள்குறி வினா, அப்புறம் 70 நிமிடத்தில் இரண்டு எழுத்து வினா. ஒன்றில் ஓர் ஆய்வைக் கொடுத்து என்ன முறையில் செய்தார்கள் என்று கேட்பார்கள், இன்னொன்றில் மூன்று ஆய்வுகளைச் சான்றாக வைத்து வாதம் எழுதவேண்டும்.

கேட்டவர்: சரி, பயாலஜி நோட்டைத் தூக்கிப் போடாதே என்று சொல்லிவிடுகிறேன்.