புதுப்பிப்பு: ஃபெரிட்டின் 420, ஆனாலும் இரும்பு மாத்திரை

போன மாதம் கேட்டிருந்தேன்: அக்காவுக்கு ஹீமோகுளோபின் 10.3, ரத்தசோகை என்று இரண்டு வருஷமாக இரும்பு மாத்திரை போட்டும் ஏறவில்லை, ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் அளவு) மட்டும் அதிகமாக 420, மாத்திரையைத் தொடரலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 62தான், ஆனால் சிவப்பணு 54 லட்சம், தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறை) மாதிரி இருக்கிறது, ஹெச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை) எடுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் சரி. மருத்துவர் முதலில் மாத்திரையை நிறுத்தினார். ஒரு வாரம் கழித்து, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை போட்ட கையோடு எடுத்தால் ரத்தத்தில் இரும்பு கூடுதலாகத் தெரியுமாம். இது எனக்குத் தெரியாது.

ஹெச்பிஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) 5.2%. 3.5க்குள் இருக்க வேண்டியது. அதனால் பீட்டா தலசீமியா மைனர், அதாவது லேசான வகை. டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) 49%. 45க்கு மேல் போனால் இரும்பு தேங்குவதாகச் சந்தேகப்பட வேண்டும். சிஆர்பி (அழற்சியைக் காட்டும் பரிசோதனை) நார்மல், அதனால் அழற்சியால் ஃபெரிட்டின் ஏறியதாகத் தோன்றவில்லை. இப்போது ஃபோலிக் ஆசிட் மட்டும். 3 மாதத்தில் மறு பரிசோதனை. ஃப்ரிட்ஜ் மேல் டப்பாவில் இன்னும் நாலு அட்டை மாத்திரை கிடக்கிறது.

எதிர்பாராதது: எனக்கும் மைனர் இருக்கிறது. கணவன், மனைவி இருவருக்கும் மைனர் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் மேஜர் (கடுமையான வகை) வர 25% வாய்ப்பு என்பதால் மனைவிக்கும் பார்த்தோம். அவளுக்கு இல்லை.