ரெண்டு ஷாக், நாலு இன்ச் டயர், ஓடிய எலெக்ட்ரிக் சைக்கிள்: கண்மாய்க் கரைக்கு வாங்கலாமா?

செம்மண்தடம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 58 வயது, எடை 82 கிலோ. பேங்க் வேலையை முடித்துக்கொண்டு இரண்டு வருடமாகக் கானாடுகாத்தானில் ஐயா காலத்து வீட்டில் இருக்கிறேன். தோப்பு ஊருக்கு வெளியே. தார் ரோட்டில் மூன்று கிலோமீட்டர், அப்புறம் கண்மாய்க் கரை மேலேயே ஒன்றேகால் கிலோமீட்டர். மழையில் டிராக்டர் போன தடம் அப்படியே காய்ந்து கல்லாகிக் கிடக்கும். ஸ்கூட்டரில் போய்வந்தால் அன்றைக்கு முழுக்க இடுப்பு என்னுடையது இல்லை. முதுகெலும்பில் எல்4, எல்5 நடுவே டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருப்பதாக ஸ்கேனில் வந்தது. "சைக்கிள் மிதிக்கலாம், குலுங்கக்கூடாது" என்றார் டாக்டர். எங்கள் கரையை அவர் பார்த்ததில்லை.

பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக நடத்தும் நண்பர் ஒருவர், வருகிற வெள்ளைக்காரர்களுக்காக ஒரு எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கி வைத்திருந்தார். முன்னால் ஷாக், பின்னால் ஷாக், 26-க்கு 4 இன்ச் டயர். 48 வோல்ட், 15 ஆம்பியர்-மணி பேட்டரி. ஒன்றரை வருடத்தில் 2,140 கி.மீ. ஓடியிருக்கிறது. 95 ஆயிரத்துக்குத் தருகிறேன், இரண்டு நாள் ஓட்டிப் பார் என்று கொடுத்தார்.

முதல் நாள் தார் ரோட்டில் ராஜபோகம். டயர் கொய்ங் என்று ஒரு சத்தம் போடுகிறது, பழைய அம்பாசடர் காரில் ஜன்னலைத் திறந்து வைத்துப் போகிற மாதிரி. எதிர்க்காற்றில்கூட மூச்சு வாங்கவில்லை. மிதிக்க ஆரம்பித்து அரைச் சுற்றுக்கு அப்புறம் மோட்டார் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளுகிறது. முதல் இரண்டு தடவை பயந்துபோனேன். முச்சந்தியில் மெதுவாகத் திரும்பும்போது அந்தத் தள்ளு வந்தால் எதிரே டீக்கடை பெஞ்சுதான்.

கரையில் ஏறியதும் கதை மாறிவிட்டது. தோப்புக் காவலருக்கு எவர்சில்வர் தூக்கில் மோர் கொண்டுபோனேன், சீட்டுக்குப் பின்னால் கேரியரில் கட்டி. போய்ச் சேர்ந்தபோது தூக்கில் பாதி, என் சட்டையின் பின்பக்கம் மீதி. இரண்டு ஷாக், இவ்வளவு தடிமனான டயர், அப்படியும் பந்து மாதிரி துள்ளுகிறது. ஒவ்வொரு குழிக்கும் பின்னாலிருந்து "டக்" என்று ஒரு சத்தம் வேறு.

இன்னொரு சங்கடம் வீட்டில். தெருவிலிருந்து திண்ணைக்கு ஐந்து படி. அதற்கு மேல் நிலைப்படி, முழங்காலில் பாதி உயரம். வண்டியை நண்பர் வீட்டு அரிசித் தராசில் ஏற்றிப் பார்த்தோம், 34 கிலோ. முதல் நாள் ராத்திரி நானும் எதிர்வீட்டுப் பையனும் தூக்கி முகப்பில் வைத்தோம். மறுநாள் ராத்திரி பையன் சினிமாவுக்குப் போய்விட்டான். வண்டி திண்ணை ஓரத்தில் சங்கிலி போட்டு நின்றது, நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து எட்டிப் பார்த்தேன்.

இந்த வண்டி எனக்கு ஆகுமா? துள்ளுவது வண்டியின் கோளாறா, என் கோளாறா? 95 ஆயிரம் நியாயமா?

பஞ்சர்பெட்டி எழுதியது:

அண்ணே, காரைக்குடியில் இருபத்தாறு வருஷமா சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். இந்த மாதிரி வண்டி மாதம் மூன்று நாலு வருது.

முதலில் காற்று எவ்வளவு இருக்குன்னு பாருங்க. டயர் ஓரத்தில் 5-லிருந்து 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று போட்டிருக்கும். நம்ம ஆட்கள் 30-ஐப் பார்த்ததும் அதுதான் கணக்கு என்று ரொப்பிவிடுவார்கள். 30 என்பது அதற்கு மேல் போகாதே என்பதற்கு. நாலு இன்ச் டயரில் அவ்வளவு காற்று இருந்தால் துள்ளத்தான் செய்யும். ஷாக்கில் எண்ணெய் இருக்கு, துள்ளலை அடக்கும். டயருக்குள் வெறும் காற்றுதான், அமுக்கினதைத் திருப்பி அடிக்கும். உங்க எடைக்குக் கரையில் 14 வைத்துப் பாருங்க. தார் ரோட்டில் அது இழுக்கும், பேட்டரியும் தின்னும், ஹேண்டிலும் தானா ஒரு பக்கம் போகப் பார்க்கும். தினம் இரண்டு ரோட்டிலும் போகிறவருக்கு 17, 18 சரி. மோட்டார் பைக் கேஜ் இந்த அளவுக்குத் துல்லியமாகக் காட்டாது, 30 வரை மட்டும் உள்ள சின்னக் கேஜ் ஒன்று வாங்கிக்கோங்க.

அடுத்தது பின் ஷாக். உங்க நண்பர் கனமான ஆளா? அவர் எடைக்கு ஸ்பிரிங் வளையத்தை இறுக்கி வைத்திருந்தால் உங்களுக்கு அது அமுங்கவே அமுங்காது. ஷாக்கின் இரண்டு போல்ட்டுக்கும் நடுவே டேப் வைத்து அளங்க. யாரையாவது ஹேண்டிலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து, குலுக்காமல், திரும்ப அளங்க. இந்த வண்டிகளில் ஷாக் மொத்தமே 35 மில்லிமீட்டர்தான் அமுங்கும். சும்மா உட்கார்ந்தாலே அதில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது 9, 10 மில்லிமீட்டர் இறங்கணும். இறங்கலைன்னா வளையத்தைத் தளர்த்துங்க. முழுசாத் தளர்த்தியும் இறங்கலைன்னா ஸ்பிரிங்கையே மாத்தணும். அதன் மேலேயே 850, 1000 என்று எண் போட்டிருக்கும், சின்ன எண் மெத்து.

"டக்" சத்தத்துக்கு: சீட்டைப் பிடித்து ஒரு விரற்கடை மெதுவாத் தூக்குங்க. பின்சக்கரம் தரையை விட்டு எழும்புமுன் கையில் ஒரு ஆட்டம் தெரிந்தால் ஷாக் புஷ், அதாவது போல்ட் நுழையும் சின்னக் குழாய், தேய்ந்திருக்கு, இல்லை பின்சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டுப் போல்ட் தளர்ந்திருக்கு. போல்ட் என்றால் அல்லன் கீ வேலை. புஷ் என்றாலும் பெரிய செலவில்லை, ஆனால் விலை பேசும்போது சொல்லுங்க.

ஒடுவன்பட்டிக்காரன் எழுதியது:

எதற்கு 95 ஆயிரம்? ஒன்றேகால் கிலோமீட்டர் கரையை நடந்தே போகலாமே. இடுப்புக்கும் நல்லது.

தேவகோட்டைரோடு எழுதியது:

நடக்கச் சொல்பவர் உரமூட்டையை யார் தூக்குவார் என்றும் சொல்லிவிடலாம் 🙂

நான் இதே மாதிரி வண்டி பதினாலு மாதமாக ஓட்டுகிறேன். பெருமையடிக்க மாட்டேன், நம் பக்கம் மலையா இருக்கிறது? குன்றக்குடியைத் தவிர மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. முன் ஷாக்கும் தடி டயரும் மட்டும் இருந்தாலே முக்கால்வாசிப் பேருக்குப் போதும். வண்டி நாலைந்து கிலோ குறையும், நல்ல கேரியரும் மாட்டலாம். பின் ஷாக் வண்டியில் சீட்டுத் தண்டில் தொங்குகிற கேரியர்தான், 10 கிலோவுக்கு மேல் வைத்தால் சுற்றிக்கொள்ளும். ஆனால் இடுப்பு வலிக்காரருக்கு நான் பின் ஷாக் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

யாரும் சொல்லாத விஷயம் முள். கண்மாய்க்குள் முழுக்கச் சீமைக்கருவேலம்தானே? வெட்டிப் போட்ட முள் கரையில் கிடக்கும். எனக்கு முதல் இரண்டு மாதத்தில் ஆறு பஞ்சர். இந்த அளவு டியூப் உள்ளூர்க் கடையில் கிடைக்காது, இரண்டு வாங்கி வீட்டில் வையுங்கள். டியூபுக்குள் சீலண்ட் பால் ஊற்றியபிறகு ஒன்றே ஒன்று. பின்சக்கரத்தில் மோட்டார் இருப்பதால் அதைக் கழற்றுவது பெரிய பாடு, ஒயர் பிளக்கை உருவணும், வாஷர் எந்தப் பக்கம் எப்படி இருந்ததென்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளணும். நான் கழற்றுவதே இல்லை. வண்டியைச் சாய்த்து, முள் இருக்கும் இடத்தில் மட்டும் டயரை நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடுவேன்.

படிக்கு: மைனஸ் பட்டனை அமுக்கிப் பிடித்தால் நடை வேகத்தில் வண்டி தானே உருளும். ஒரு பலகைச் சாய்வு போட்டுப் பிடித்துக்கொண்டே ஏற்றிவிடலாம். எல்லா வண்டியிலும் இருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்ரிக்குப்பின்னால் எழுதியது:

பெயரைப் பார்த்து என்னை விஞ்ஞானி என்று நினைக்க வேண்டாம். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1953-ல் திறந்த சிக்ரி ஆய்வகத்துக்குப் பின் தெருவில் குடியிருக்கிறேன், அவ்வளவுதான். மின்வேதியியல் ஆய்வகம் என்பதால் டீக்கடையில்கூட பேட்டரிப் பேச்சு காதில் விழும்.

ஓடிய வண்டியில் பணம் முழுக்கப் பேட்டரியில்தான். திரையில் காட்டும் ஐந்து கோட்டை நம்பாதீர்கள். மோட்டார் இழுக்கும்போது இறங்கும், நிறுத்தினால் ஏறும். வோல்ட் எண்ணைப் பாருங்கள். 48 வோல்ட் பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஆனால் 54.6 காட்டணும். 48-ஐ 15-ஆல் பெருக்கினால் 720 வாட்-மணி. தடி டயரில் மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு 12-லிருந்து 15 வாட்-மணி வரை ஆகும், த்ராட்டிலை மட்டும் திருகினால் 20-ஐத் தாண்டும். நீங்களே வகுத்துப் பாருங்கள். முழுச் சார்ஜில் கிளம்பி, 45 வோல்ட் வரும்வரை ஓட்டி, எத்தனை கி.மீ. என்று எழுதிக்கொண்டு வாருங்கள், பேட்டரி எவ்வளவு கிழடு என்று தெரிந்துவிடும்.

வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜரில் போடாதீர்கள். ஒரு மணி நேரம் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நிழலாக வைத்து ஆறவிட்டுப் போடுங்கள்.

மோட்டாரில் எத்தனை வாட் என்று பொறித்திருக்கிறது? 250 வாட்டுக்குள், வேகம் 25 கி.மீ.க்குள் இருந்தால்தான் பதிவு, லைசென்ஸ் எதுவும் வேண்டாம். அதற்கு மேல் என்றால் சட்டத்தில் அது சைக்கிள் இல்லை, மோட்டார் வண்டி.

செம்மண்தடம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நண்பரிடம் இன்னும் நாலு நாள் கேட்டு வாங்கிச் செய்து பார்த்தேன்.

காற்று 28 இருந்தது. பஞ்சர்பெட்டித் தம்பி கண்ணால் பார்த்த மாதிரி சொல்லிவிட்டார். நண்பர் 105 கிலோ ஆசாமி, அதுவும் சரி. நான் உட்கார்ந்தபோது பின் ஷாக் 4 மில்லிமீட்டர்தான் இறங்கியது. வளையத்தை மூன்று சுற்றுத் தளர்த்தியதும் 9.

ஒன்றொன்றாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் அதே தூக்கில் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர் ஊற்றி (மோர் வீணாக வேண்டாம் என்று காவலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்), அதே கரையில் அதே வேகத்தில் போனேன். 28 காற்றில் பாதி போனது. காற்றை மட்டும் 14-க்கு இறக்கியதும் கால்வாசிதான் போனது. அப்புறம் ஸ்பிரிங்கையும் தளர்த்தினேன், ஒரு டம்ளர் அளவு சிந்தியிருந்தது. ஆக, ரெண்டு ஷாக்கும் செய்யாததைக் காற்றைத் திறந்துவிட்டதே பெரும்பாலும் செய்துவிட்டது. கரையிலிருந்து தார் ரோட்டுக்கு வந்ததும் கை பம்பால் அடித்து 18 ஆக்கினேன். ஒரு நாள்தான். மறுநாளிலிருந்து இரண்டுக்கும் 17 என்று விட்டுவிட்டேன், எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

இடுப்பு? நாலாம் நாள் சாயங்காலம்தான் அது இருப்பதே ஞாபகம் வந்தது. ஹேண்டில் கொஞ்சம் எட்டத்தில் இருக்கிறது, குனிந்தே போகவேண்டியிருக்கிறது, அதை உயர்த்தணும். பெரிய குழி வரும்போது பெடலில் லேசாக எழுந்துகொள்ளப் பழகிவிட்டேன். அந்த அரைச் சுற்றுத் தள்ளலுக்கும் வழி கண்டுபிடித்தாயிற்று: திருப்பத்தில் மிதிப்பதில்லை, உருண்டே திரும்புவது.

"டக்" சத்தம் போல்ட் பாதி, புஷ் பாதி. இறுக்கியதும் குறைந்தது, போகவில்லை. பேட்டரி முழுச் சார்ஜில் 54.1. மோட்டார் உதவியை இரண்டாம் நம்பரில் வைத்து 38 கி.மீ. ஓட்டியபோது 45-க்கு வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிழடு இல்லை, நடுத்தர வயசு.

மோட்டாரில் பார்த்தால் 500 வாட் என்று பொறித்திருக்கிறது. நண்பருக்கே தெரியாது. விற்றவர் "லைசென்ஸ் வேண்டாம் சார்" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். வெள்ளைக்காரர்களை இதில் ஆத்தங்குடி டைல்ஸ் பார்க்க அனுப்பிக்கொண்டிருந்தவர் இப்போது தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். பேங்கில் முப்பத்துநாலு வருடம் காகிதத்தைப் பார்த்தே பழகியவன், காகிதம் இல்லாத வண்டியை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

அதனால் 250 வாட்டில், இதே டயரில், இரண்டு ஷாக்கோடு வேறு ஒன்று தேடுகிறேன். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், தூக்கோடு வந்து ஓட்டிப் பார்க்கிறேன்.

நிறுத்தும் இடத்துக்கும் ஒரு வழி தோன்றியது. எங்கள் வீடு இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. பின்கட்டுக் கதவு தெருமட்டத்தில் இருக்கிறது, படியே கிடையாது, பழைய காலத்தில் வண்டி மாடு போன வழி. ஆனால் அந்தக் கட்டு பங்காளி அண்ணன் பங்கு, சாவி சென்னையில். போன் போட்டேன். "சைக்கிளுக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். அடுத்த மாதம் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார்.