ஆன்டி-டி ஊசிக்கான காப்பீட்டு மறுப்பு: புதுப்பிப்பு

என் ரத்தம் ஆர்எச் நெகட்டிவ், கணவருடையது பாசிட்டிவ் என்பதால் கர்ப்பத்தின் 28ஆவது வாரத்தில் போடப்பட்ட 300 மைக்ரோகிராம் ஆன்டி-டி ஊசியின் (கருவின் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராக என் உடல் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, உருவாக்காமல் தடுப்பது) செலவை, 24 மணி நேர உள்நோயாளிச் சிகிச்சை இல்லை என்று கூறிக் காப்பீட்டு நிறுவனம் மறுத்ததை முன்பு எழுதியிருந்தேன். அலுவலகக் குழுக் காப்பீட்டில் பேறுகாலத்துக்கு முந்தைய செலவுகளுக்குத் தனிப் பிரிவு இருப்பதைச் சுட்டிக்காட்டி, என் உடலில் எதிர்ப்பொருள் உருவாகிவிட்டால் அடுத்த கருவின் சிவப்பணுக்கள் அழியக்கூடும் என்று விளக்கும் மருத்துவரின் கடிதத்தையும் இணைத்து, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினோம். ஊசியின் விலையை இப்போது ஏற்றுக்கொண்டார்கள். ஆலோசனைக் கட்டணத்தை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள். அதற்காக நிறுவனத்தைச் சாராத காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) கட்டணமின்றி முறையிடலாம் என்றாலும், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசிக்கான ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் பெறுவதே எனக்கு அவசரமாகப் படுகிறது.