வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே பிராசஸர்: உங்களுக்கு நடந்தது என்ன?

நிழல்வரைவாளன்

'பார்க்ட்', அதாவது 'தூங்க வைக்கப்பட்டது', என்ற ஒரே ஒரு சொல்லுக்காக மூன்று வாரம் அலைந்தேன். அதை இங்கே இறக்கி வைத்துவிடுகிறேன்.

கட்டடங்களின் முப்பரிமாணப் படங்கள் செய்வது என் தொழில். பகலில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள், இரவில் ஃபிளைட் சிமுலேட்டர். இரண்டுக்கும் சேர்த்து ஏஎம்டியின் 7950எக்ஸ்3டி பிராசஸரை எடுத்தேன். 16 கோர், அதாவது சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் 16 பகுதிகள். ரெண்டரில், அதாவது காட்சியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்குவதில், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மீனம்பாக்கத்தில் இறங்கும்போது மட்டும் படம் திக்கித் திக்கி நிற்கும். கிராபிக்ஸ் கார்டை மாற்றிவிடலாம் என்று விலைகூட விசாரித்துவிட்டேன். ஒரு நாள் இரவு, ஓடுபாதை விளக்குகள் கண்ணில் பட்ட நேரத்தில் பக்கத்துத் திரையில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து பார்த்தேன். ஒரு கோருக்கு இரண்டு திரெட் (வேலை இழை), ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், ஆக 32 கட்டங்கள். 0 முதல் 15 வரை ஏறக்குறைய சும்மா கிடக்கின்றன. உழைப்பெல்லாம் 16க்கு மேலே!

இந்தச் சிப்பை வைத்திருப்பவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். ஆட்டங்களுக்கு உதவுவது கேஷ், சிப்புக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம். அதில் 96 எம்பி முதல் எட்டு கோர்களுக்குத்தான். மற்ற எட்டுக்கு வேகம் அதிகம், 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், ஆனால் கேஷ் 32 எம்பி மட்டுமே. ஆட்டம் தொடங்கியதும் அந்த இரண்டாவது எட்டை விண்டோஸ் தூங்க வைக்க வேண்டும். ஓடுவது ஆட்டம்தான் என்று அதற்குத் தெரிவிப்பது எக்ஸ்பாக்ஸ் கேம் பார். விண்டோஸைப் புதிதாகப் போட்ட அன்று, வேண்டாதவற்றை நீக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டி அந்தக் கேம் பாரையும் நானே துடைத்து எறிந்திருந்தேன். திரும்ப நிறுவினேன், சிப்செட் டிரைவரையும் புதிதாகப் போட்டேன். அதே விமானம், அதே ஓடுபாதை. 16 முதல் 31 வரை ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்திலும் 'பார்க்ட்' என்று வரிசையாக விழுந்தது. சக்கரம் தரையைத் தொட்டபோது ஒரு சிறு உதறல்கூட இல்லை.

வெட்டுமேசை

எனக்கு நடந்தது இதைவிட மோசம். தவறும் முழுக்க என்னுடையது.

7950எக்ஸ் பிராசஸர், நான்கு 32 ஜிபி ரேம், திருமண வீடியோ வேலை. எல்லாவற்றையும் பொருத்திவிட்டுப் பட்டனை அழுத்தினேன். விசிறிகள் சுற்றின, திரை கறுப்பு. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்தேன். ரேமைக் கழற்றி மாட்டினேன். மறுபடியும் கறுப்பு. மூன்றாம் முறை பிராசஸரையே கழற்றினேன். கையெல்லாம் வியர்வை. சிப் விரலிலிருந்து நழுவி, சாக்கெட்டின் ஒரு மூலையில் விழுந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். நகம் சுண்டும் அளவுதான், ஆனால் அது இன்றுவரை காதைவிட்டுப் போகவில்லை. ஏஎம்5 என்ற இந்தச் சாக்கெட் வகையில் ஊசிகள் சிப்பில் இல்லை, மதர்போர்டில் இருக்கின்றன. 1718 ஊசிகளில் சில சாய்ந்துவிட்டன.

சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். முதல் முறை இயக்கும்போது போர்டு ரேமைப் பரிசோதித்துப் பழகிக்கொள்ளும். டிடிஆர்5 வகை ரேமில் நான்கு குச்சிகள் என்றால் அதற்கே பல நிமிடங்கள் ஆகும், அதுவரை திரையில் ஒன்றும் வராது. இன்னொன்றும் பிறகுதான் படித்தேன்: இரண்டு குச்சிகளுக்கு 5200 என்று அறிவித்திருக்கும் வேகம், நான்கு போட்டால் 3600 தான்.

தொகுப்பான்77

நிழல்வரைவாளன் எழுதியதைப் படித்ததும் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை நண்பரே, இந்த ஏற்பாட்டின் மேல். விளையாடும்போது பாதிச் சிப்பைத் தூங்க வைக்க வேண்டுமென்றால் முழுச் சிப்புக்கு எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும்? 2023 பிப்ரவரியில் 7950எக்ஸ்3டி 699 டாலருக்கு வந்தது. ஏப்ரலில் எட்டு கோர் 7800எக்ஸ்3டி 449 டாலர். விளையாட்டில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பிரிக்க முடியாது.

என் கதை சிறியது. 2021இல் 16 கோர் 5950எக்ஸ் வாங்கினேன். அடுத்த ஆண்டு எட்டு கோர் 5800எக்ஸ்3டி வந்ததும் அதே போர்டில் மாட்டிக்கொண்டு பழையதை விற்றுவிட்டேன். ஆட்டங்கள் பறந்தன. திங்கட்கிழமை காலை அலுவலகக் குறிநிரலை முதலிலிருந்து தொகுக்கக் (கம்பைல் செய்யக்) கொடுத்தேன். பழைய சிப்பில் 11 நிமிட வேலை. தேநீர் போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 19 நிமிடம்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில், இப்போது இருக்கும் இயந்திரத்திலேயே ஒரு வாரம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பாருங்கள். எல்லாக் கட்டங்களும் நிரம்பி, அப்படியே நிமிடக்கணக்கில் நின்றால் மட்டுமே 16 கோரைப் பற்றி யோசியுங்கள். ஒன்றிரண்டு மட்டும் உச்சியில் நின்று மற்றவை தரையில் கிடந்தால், உங்களுக்குத் தேவை ஒரு கோரின் வேகம், கோர்களின் எண்ணிக்கை அல்ல. நிரல் எழுதுகிறவர்கள் கவனியுங்கள்: தொகுப்பு வேலை கோர்களுக்குப் பங்கு போடப்படும், கடைசியில் வரும் இணைப்புக் கட்டம் பெரும்பாலும் ஓரிரு கோரில்தான் நகரும். பெரிய சி++ திட்டம் என்றால் ஒவ்வொரு திரெட்டுக்கும் 2 ஜிபி ரேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 திரெட்டுக்கு 64 ஜிபி. ரேமைக் குறைத்துவிட்டுக் கோரைக் கூட்டினால் இயந்திரம் வட்டில் எழுதிப் படித்தே நேரத்தைத் தின்றுவிடும். வீடியோக்காரர்கள், கேமரா தரும் கோப்பை உங்கள் கிராபிக்ஸ் கார்டு நேரடியாகப் பிரித்துக் காட்டுமா என்று முதலில் பாருங்கள். காட்டாது என்றால் டைம்லைன் இழுபடும், அந்தக் குறையைப் பிராசஸரில் தேடாதீர்கள். பிளெண்டரில் கிராபிக்ஸ் கார்டே ரெண்டர் செய்துவிடும்போது 16 கோர் யாருக்கு?

நிழல்வரைவாளன்

எனக்குத்தான். நான் செய்யும் குடியிருப்பு வளாகக் காட்சிகள் மரம், புல், கார் எல்லாம் சேர்ந்து 40 ஜிபியைத் தாண்டும். என் கார்டில் இருப்பது 12. அப்போது பிராசஸரும் ரேமும்தான் கைகொடுக்கும். ரெண்டரின்போது ஒரு கோரும் தூங்குவதில்லை.

அந்த 19 நிமிடத்தை எழுதியது நீங்கள்தானே? எட்டு கோர் போதும் என்ற பேச்சுக்கு அதைவிடப் பெரிய மறுப்பு எனக்குத் தெரியவில்லை. ஒரே சிப்பில் இரண்டு வகைக் கோர் வைத்தால் எங்கேயும் இந்தச் சிக்கல் வரத்தான் செய்யும். 2021இல் இன்டெல்லின் 12ஆம் தலைமுறை வந்தபோது, சில ஆட்டங்களின் நகல்தடுப்பு மென்பொருள் சிறிய கோர்களை வேறொரு கணினி என்று நினைத்துக்கொண்டது. பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை அமைப்புகளில், ஒரு வசதியைப் போட்டு, ஸ்க்ரோல் லாக் விசையை அழுத்தி அவற்றைத் தூங்க வைக்க வேண்டியிருந்தது. அதற்காக அந்தச் சிப்பை வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா?

வேலூர்வெயில்

95 டிகிரி. என் கதை இந்த எண்தான்.

சித்திரை மாதம், 7950எக்ஸ் வந்து இரண்டாம் நாள். ரெண்டரை ஓட்டிய சில விநாடிகளில் 95ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. விசிறிச் சத்தம் கேட்டு அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தார், குக்கர் என்று நினைத்து. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். வாங்கிய கடையில், "கூலர் பத்தாது சார், பெரியதாகப் போட வேண்டும்" என்றார்கள். போட்டேன். வீட்டுக்கு வந்து ஓட்டினால் மறுபடியும் 95. பேருந்துச் செலவு, நாள் முழுக்க அலைச்சல், கூலருக்குக் கொடுத்த பணம், எல்லாம் சேர்ந்து அன்றிரவு சாப்பிட முடியவில்லை.

அந்தச் சிப் 95 வரை ஏறுவது கோளாறே இல்லை. அதன் வடிவமைப்பே அப்படித்தான் என்று வெளியிட்டபோதே சொல்லியிருக்கிறார்கள். 230 வாட் வரை இழுக்கும். குளிர்ச்சி கூடினால் வேகத்தைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் அங்கேதான் போய் நிற்கும். விற்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? பயாஸில் மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடை 105 வாட்டுக்கு வைத்தேன். 40 நிமிட ரெண்டர் 43 ஆனது. வெப்பம் எழுபதுகளில் நிற்கிறது. மூன்று நிமிடம் போனால் போகட்டும், வேலூர்க் கோடையில் இதுதான் எனக்குச் சரி.

இரவுப்பட்டறை

மின்சாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே.

இன்டெல் 13900கே பிராசஸர், 4090 கிராபிக்ஸ் கார்டு, பழைய கணினியோடு வந்த 600 விஏ யூபிஎஸ். காலையில் கொடுக்க வேண்டிய விளம்பரப் படம், ஏழு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. அதிகாலை நாலே முக்காலுக்கு மின்சாரம் போனது. யூபிஎஸ் ஒரே ஒரு முறை கீச்சிட்டு அடங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே மின்விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் என் ஏழு மணி நேரம் போய்விட்டது.

600 விஏ என்றால் தாங்குவது 360 வாட் அளவுதான். பிராசஸர் மட்டுமே 253, கார்டு 450. வாங்கும் முன் இந்தக் கூட்டலை ஒரு தாளில் போட்டுப் பார்த்திருக்கலாம். நேராக வீடியோ கோப்பாக ரெண்டர் செய்ததும் தவறு. ஒவ்வொரு பிரேமும் தனித்தனிப் படமாக விழும்படி வைத்திருந்தால், நின்ற இடத்திலிருந்து தொடர்ந்திருப்பேன்.

வெட்டுமேசை அண்ணா, சாய்ந்த ஊசிகள் என்ன ஆயின? சொல்லாமலே போய்விட்டீர்களே.

வெட்டுமேசை

கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, தையல் ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன் தம்பி. இரண்டு இரவுகள். இந்த முறை பட்டனை அழுத்திவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இருபது நிமிடம் கழித்துத் திறந்தால் திரையில் வெளிச்சம்.

ஆனால் ரேமின் ஒரு பக்கத்தைப் போர்டு இன்றுவரை கண்டுகொள்ளவில்லை. எந்த ஊசி என்று தெரியவில்லை, மறுபடி திறக்கத் துணிவும் வரவில்லை. 64 ஜிபியில்தான் வேலை நடக்கிறது. மீதி இரண்டு குச்சிகள் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.