பெல்லட்டின் நடு காலி, கொலாஜன் 1 அதிகம்: கோளாறு மீடியத்திலா, செல்லிலா?

நுண்குழல்:
மனிதக் கரு ஸ்டெம் செல்லிலிருந்து குருத்தெலும்பு வளர்க்கும் வேலை. ஃபீடர் (துணைச் செல் அடுக்கு) கிடையாது, தட்டில் விட்ரோநெக்டின் என்ற ஒட்டுப்புரதப் பூச்சு. முதல் நாள் சிஹெச்ஐஆர்99021 (செல் மாற்றத்தைத் தூண்டும் சிறு மூலக்கூறு) 3 மைக்ரோமோலார்; ஆக்டிவின் ஏ என்ற வளர்ச்சிக் காரணி 50 நானோகிராம்/மிலி, அது மூன்று நாளும் அதே அளவில். பிறகு எஃப்ஜிஎஃப்2 20, பிஎம்பி4 40 (இவையும் வளர்ச்சிக் காரணிகள், அதே அலகு) என்று 14ஆம் நாள் வரை. அதன்பின் ட்யூபுக்கு 2.5 லட்சம் செல் போட்டு பெல்லட் (சுழற்றி அடியில் திரட்டிய செல் உருண்டை), குருத்தெலும்பாக்கும் காரணி டிஜிஎஃப்-பீட்டா3 10 நானோகிராம்/மிலியில் 21 நாள்.

சில பெல்லட் உருளாமல் தட்டையாகச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வெட்டிப் பார்த்தால் ஆல்சியன் ப்ளூ (குருத்தெலும்பின் சர்க்கரைச் சங்கிலிகளை நீலமாக்கும் சாயம்) ஓரத்தில் மட்டும் ஏறியிருக்கிறது, நடு காலி. க்யூபிசிஆரில் (மரபணு வெளிப்பாட்டை அளப்பது) குருத்தெலும்பு மரபணுவான சாக்ஸ்9 இருக்கிறது. ஆனால் நார்த்திசு வகையான கொலாஜன் 1 அதிகம், செல் பருப்பதைக் காட்டும் கொலாஜன் 10-உம் ஏறுகிறது. டிஜிஎஃப்-பீட்டாவை 20 ஆக்கினால் சரியாகுமா?

இடைப்படலம்:
ஆகாது. 10 என்பதே தாராளம். ட்யூபுக்குள் இறங்கிய செல்கூட்டமே கலப்படம் என்பதைத்தான் கொலாஜன் 1 சொல்கிறது. அதை முதல் நான்கு நாளில் தேடுங்கள், பெல்லட்டில் தேடாதீர்கள்.

ஆக்டிவினை 50-லேயே மூன்று நாள் வைத்தால் ஒரு பங்கு செல் எண்டோடெர்ம் (குடல், கல்லீரல் தரும் உள்ளடுக்கு) பக்கம் போய்விடும். 2010-இல் மான்செஸ்டர் குழு வெளியிட்ட 14 நாள் முறையில் அதைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள்: 50, 25, 10. மீசோடெர்ம் (குருத்தெலும்பு தரும் நடு அடுக்கு) கட்டம் தொடங்கியதும் ஃபாலிஸ்டாட்டின் 100 நானோகிராம்/மிலி சேர்ப்பது மிச்சமிருக்கும் ஆக்டிவினைக் கட்டிப்போடத்தான். கடைசிக் கட்டத்தில் பிஎம்பி4-ஐ விலக்கி ஜிடிஎஃப்5 என்ற காரணிக்கு மாறுவார்கள். உங்கள் முறையில் இந்த மூன்றுமே இல்லை.

இன்னொன்று, தொடக்க நெரிசல். காலனி தடித்திருந்தால் சிஹெச்ஐஆருக்கு ஓரத்துச் செல்தான் ஒழுங்காகப் பதில் சொல்லும், நடுவில் இருப்பது ஸ்டெம் செல்லாகவே உட்கார்ந்திருக்கும். தனிச் செல்லாகப் பிரித்து, ஒய்-27632 (பிரித்த செல் சாகாமல் காக்கும் தடுப்பான்) 10 மைக்ரோமோலாரோடு விதையுங்கள். மறுநாள் தட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்திருக்கும்போது தொடங்கலாம். சிஹெச்ஐஆர் போடுமுன் அந்தத் தடுப்பானைக் கழுவி நீக்கிவிட வேண்டும்.

48 மணியில் ஃப்ளோவில் (செல்லை ஒவ்வொன்றாக அளக்கும் கருவி) மீசோடெர்ம் தொடக்க அடையாளமான ப்ராகியூரி எத்தனை செல்லில் என்று பாருங்கள். பாதிக்கும் கீழே இருந்தால் அந்தத் தட்டைக் கொட்டிவிடலாம், அதைப் பெல்லட்வரை கொண்டுபோவது மீடியம் செலவுதான். நான்காம் நாள் எண்டோடெர்ம் அடையாளமான சாக்ஸ்17 சரிந்து, மீசோடெர்ம் அடையாளமான பிடிஜிஎஃப்ஆர்-ஆல்ஃபா ஏறியிருக்க வேண்டும்.

திசுக்கத்தி:
மேலே சொன்னது சரி. ஆனால் தட்டையான பெல்லட்டுக்குக் காரணம் பெரும்பாலும் கைவேலை. ட்யூப் பாலிப்ரோப்பிலீன் தானா? பாலிஸ்டைரீனில் செல் சுவரைப் பற்றிக்கொள்ளும். என்சைமில் அதிக நேரம் விட்டால் செத்த செல்லிலிருந்து டிஎன்ஏ கசிந்து நூல்நூலாகக் கட்டிக்கொள்ளும், அந்தக் கட்டி பந்தாகாது. 40 மைக்ரான் வடிகட்டியில் விட்டு எண்ணுங்கள். உயிருள்ளவை 90%க்குக் குறைந்தால் பெல்லட் போட வேண்டாம். 300 ஜி, 5 நிமிடம், மீடியம் அரை மிலி. மூடியைத் தளர்த்தி இன்குபேட்டரில் நிறுத்திவிட்டு 24 மணிநேரம் தொடாதீர்கள். மறுநாள் அடியில் விரலால் மெல்லத் தட்டினால் தகடு கிளம்பி மிதக்கும், இரண்டொரு நாளில் பந்தாகிவிடும். மீடியம் மாற்றப் பிப்பெட்டைப் பயன்படுத்துங்கள். உறிஞ்சுகுழாய் வைத்தால் பெல்லட்டும் கூடவே போகும்.

மீடியத்தில்: ஹை குளுக்கோஸ் டிஎம்இஎம், ஐடிஎஸ் (இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் கலவை) 1%, டெக்ஸாமெத்தசோன் 100 நானோமோலார், புரோலின் 40 மைக்ரோகிராம்/மிலி, பைருவேட் 1 மில்லிமோலார், அஸ்கார்பிக் அமிலம்-2-பாஸ்பேட் 50 மைக்ரோகிராம்/மிலி. சாதா அஸ்கார்பிக் அமிலம் 37 டிகிரியில் சீக்கிரமே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். அது தீர்ந்தால் புரோலினில் ஹைட்ராக்சில் ஏறாது, கொலாஜனின் மூவிழைச் சுருள் நிலைக்காது; க்யூபிசிஆர் நன்றாக இருந்தும் திசு சொதசொதவென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சீரம் ஒரு சொட்டும் கூடாது. டிஜிஎஃப்-பீட்டாவை 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின் புரதம்) 1 மிகி/மிலியோடு கரைத்துச் சிறு பங்குகளாக உறையவையுங்கள். பிஎஸ்ஏ இல்லாவிட்டால் அது பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் 10 என்று நினைப்பது 10 ஆக இருக்காது. மீடியம் மாற்றும் அன்றுதான் அதைச் சேர்க்க வேண்டும்.

நடு காலி என்கிறீர்களே, செல் செத்ததா, வெட்டும்போது உதிர்ந்ததா? பக்கத்து வெட்டில் டாப்பி (செல் கருவைக் காட்டும் சாயம்), ட்யூனல் (செத்த செல்லைக் காட்டும் சோதனை) போடுங்கள். செத்திருந்தால் 1.5 லட்சமாகக் குறையுங்கள், ஆர்பிட்டல் ஷேக்கரில் மெதுவாக ஆட்டுங்கள். ஆக்சிஜனை 5%க்கு இறக்கினால் சாக்ஸ்9-க்கு நல்லது என்பார்கள். இருக்கலாம், ஆனால் ஊட்டம் எட்டாத நடுப்பகுதிக்கு அது மருந்தாகாது.

நுண்குழல்:
14ஆம் நாள் செல்லை ஃப்ளோவில் ஓட்டினோம்: மாறாத ஸ்டெம் செல்லின் அடையாளமான ஆக்ட்4 சிறிய உச்சியாக இன்னும் தெரிகிறது. சாயம் பிஹெச் 2.5-இல் போட்டது. கொலாஜன் 10-க்கு என்ன செய்வது?

இடைப்படலம்:
பிஹெச் 2.5-இல் ஹயலுரோனேட்டும் (சல்பேட் இல்லாத சர்க்கரைச் சங்கிலி) நீலமாகும். சல்பேட் உள்ளதை மட்டும் பார்க்க 1.0-இல் போடுங்கள். ஓரத்து நீலத்திலும் எவ்வளவு நிற்கிறது என்று அப்போது தெரியும். கண்ணை நம்பாமல் எண்ணாகவும் எடுங்கள்: பாப்பெயின் என்சைமில் 60 டிகிரியில் இரவு முழுக்கச் செரித்து, சல்பேட் சங்கிலியை அளக்கும் டிஎம்எம்பி சாயம் சேர்த்து 525 நானோமீட்டரில் உடனே அளவிட வேண்டும், தாமதித்தால் படிந்துவிடும். அதே கரைசலில் பிகோகிரீனால் டிஎன்ஏ அளந்து வகுத்துக்கொள்ளுங்கள்.

கொலாஜன் 10 பிஎம்பி4-இன் வேலை. டொரொண்டோ குழு 2015-இல் காட்டியது இதைத்தான்: டிஜிஎஃப்-பீட்டா3-இல் நீண்ட காலம் வைத்தால் மூட்டுக் குருத்தெலும்பு போன்ற திசு, பிஎம்பி4 கொடுத்தால் வளர்தட்டு போலப் பருத்துக் கடைசியில் எலும்பாகப் போகும் திசு. கொலாஜன் 10-ஐ மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், பருத்தலின் மற்ற அடையாளங்களான எம்எம்பி13-ஐயும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸையும் சேர்த்துப் பாருங்கள். கொலாஜன் 2-க்கு எக்ஸான் 2-ஐத் தாண்டும் பிரைமர் வையுங்கள். எக்ஸான் 2 உள்ள ஐஐஏ வடிவமே மிகுந்திருந்தால் செல் இன்னும் முதிரவில்லை.

ஆக்ட்4 விஷயம் சின்னதில்லை. அந்தச் செல்லோடு விலங்கில் பதித்தால் டெரடோமா (பலவகைத் திசு கலந்த கட்டி) வரலாம். பெல்லட்டுக்கு முன் ட்ரா-1-60 (ஸ்டெம் செல்லின் மேற்பரப்பு அடையாளம்) உள்ளதை வடிகட்டிவிட்டு, பிடிஜிஎஃப்ஆர்-ஆல்ஃபா உள்ளதை எடுங்கள்.

திசுக்கத்தி:
ஆக்ட்4 விடாப்பிடியாக நின்றால் மூலச் செல்வரிசையையே சோதியுங்கள். 20ஆம் குரோமோசோமின் 20கியூ11.21 பகுதி இரட்டித்த செல்லில் சாவைத் தடுக்கும் புரதமான பிசிஎல்-எக்ஸ்எல் கூடும், அந்தச் செல் சாகாமல் மற்றதை முந்திப் பெருகும். இரட்டிப்பு சிறிதாக இருந்தால் ஜி-பேண்டிங்கில் (குரோமோசோமின் வரிகளைப் பார்க்கும் சோதனை) தப்பிவிடும். ஃபிஷ்ஷோ (ஒளிரும் டிஎன்ஏ துண்டால் அந்தப் பகுதியைத் தேடுவது) க்யூபிசிஆரோ வேண்டும்.