மறு: அடிபந்தாட்டத்தில் (பேஸ்பால்) அவுட்ஃபீல்டரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

> 'எல்லைத் தடுப்பாளர்' என்று வைத்துக்கொள்ளலாமா? கிரிக்கெட்டில் 'களத்தடுப்பாளர்' ஏற்கெனவே புழங்குகிறதே.

வணக்கம் ஐயா,

புழங்கும் சொல்லை ஒட்டிப் போவது நல்லதுதான். ஆனால் எவரைப் பற்றிய கட்டுரைக்காகச் சொல் தேடுகிறோமோ, அந்த அடிபந்தாட்ட வீரர் ட்ரிஸ் ஸ்பீக்கருக்கே இது பொருந்தவில்லை.

1907இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு ஆட வந்து, 1916இல் கிளீவ்லாந்துக்குக் கைமாறியவர் அவர். தளங்களுக்கு அப்பால் உள்ள வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டின் நடுவில் ஆடினாலும் எல்லைப் பக்கம் நிற்கவே மாட்டார். இரண்டாம் தளத்துக்கு (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய 'பேஸ்'களில் இரண்டாவது) சற்றுப் பின்னால், கிட்டத்தட்ட உள்ளேயே வந்து நிற்பார். பந்து தலைக்கு மேல் போனால் திரும்பி ஓடிப் பிடித்துவிடலாம் என்ற தைரியம். அன்றைய பந்தும் அதற்குத் தோதாக இருந்தது. அழுக்கேறி நைந்துபோன பின்னும் அதே பந்தில்தான் ஆடுவார்கள். ஓங்கி அடித்தாலும் தூரம் போகாது. 1920 வாக்கில் இந்த நிலை மாறியதும் மற்ற அவுட்ஃபீல்டர்கள் பின்னால் நகர்ந்துவிட்டார்கள்.

'தடுப்பாளர்' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. கிரிக்கெட்டில் ஓட்டத்தைத் தடுப்பதே பாதி வேலை. அடிபந்தாட்டத்தில் ஆளை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. 1918 ஏப்ரலில் ஸ்பீக்கர் செய்ததைப் பாருங்கள். தாழ்வாக வந்த பந்தை முன்னால் ஓடிவந்து பிடிக்கிறார், அடித்தவர் அவுட். பந்து தரையில் விழும் என்று நம்பி இரண்டாம் தளத்தை விட்டு ஓடியவர் திரும்பி வருவதற்குள், யாருக்கும் எறியாமல் தானே போய்த் தளத்தை மிதிக்கிறார், அவரும் அவுட். அந்த ஒரே மாதத்தில் இரண்டு முறை இப்படி! பந்தை எறிந்து சக வீரர் வழியாக ஆளை வெளியேற்றிய கணக்கு தனி. வாழ்நாளில் 449. அவுட்ஃபீல்டர்களில் இன்றுவரை அவர்தான் முதலிடம். இவரைப் போய் 'தடுப்பவர்' என்றால் எப்படி?

என் பரிந்துரை: இன்ஃபீல்டு – உட்களம், அவுட்ஃபீல்டு – புறக்களம், அங்கே ஆடுபவர் – புறக்களத்தர். 'வெளிக்களம்' என்றால் மைதானத்துக்கே வெளியே என்று தோன்றும்.

---

> அங்கே ஆடுபவர் – புறக்களத்தர்

எல்லாம் சரி தம்பி, திசையைச் சேர்த்துப் பார்த்தீர்களா? பாஸ்டனில் ஸ்பீக்கருக்கு இந்தப் பக்கம் டஃபி லூயிஸ், அந்தப் பக்கம் ஹாரி ஹூப்பர். லூயிஸ் 'இடது புறக்களத்தர்' ஆவார். வாசிப்பவர் அதை 'இடதுபுறக் களத்தர்' என்றுதான் பிரிப்பார். அப்புறம் உட்களத்தின் இடதுபுறம் நிற்பவருக்கு என்ன பெயர் வைப்பது?

'பின்களம்' என்று சொல்லிப் பாருங்கள். இடது பின்களத்தர், நடுப் பின்களத்தர், வலது பின்களத்தர், குழப்பமே இல்லை. ஸ்பீக்கர் எவ்வளவு முன்னே வந்து நின்றாலும் உட்களத்தாருக்குப் பின்னால்தானே நின்றார், அந்த வகையிலும் பொருந்துகிறது. ஜோடியாக வேண்டுமென்றால் உட்களத்தை 'முன்களம்' ஆக்கலாம். கொரோனாக் காலத்து முன்களப் பணியாளர் நினைவுக்கு வந்தால் வரட்டும்.

அடுத்து 'டபுள்'. ஒரே அடியில் இரண்டாம் தளம்வரை போய்ச் சேர்வது. ஸ்பீக்கரின் 792ஐ இன்னும் ஒருவரும் எட்டவில்லை, அதனால் கட்டுரையில் இந்தச் சொல் அடிக்கடி வரும். நான் 'இருதள அடி' என்று எழுதிவருகிறேன். மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்.